சுடலைக்குப் போட்ட வீதி

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை வாசற் படலையைத் தாண்டும்வரை எங்கள் அழுகை, அதற்கு அப்பால் ஆண்களின் வேலை. அதனால் ஐம்பத்திரண்டு வயதுவரை எங்கள் ஊர்ச் சுடலையையோ அதற்குப் போகும் வீதியையோ நான் கண்ணால் கண்டதில்லை. உடுப்பிட்டிக்கு அங்கால், தோட்டங்கள் முடிகிற இடத்தில், கடைசி வீட்டு வேலிக்குப் பின்னால் அது தொடங்குகிறது, மாரியில் வெள்ளம் நிற்கும் என்று கேள்விப்பட்டதோடு சரி. அப்பாவை எரித்த அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். அதுவும் கைத்தொலைபேசியில்.

அது மார்கழி மாதம். மூன்று நாளாக விடாத மழை. கனடாவில் இருக்கும் என் கூடப்பிறந்த அண்ணைக்கு வர முடியவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் செத்த வீடு என்றால் பறை மேளத்துக்குச் சொல்கிறோமோ இல்லையோ, வீடியோக்காரருக்குச் சொல்லிவிடுவோம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் நேரலையில் பார்த்து அழ வேண்டும். சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் தம்பி காலையிலிருந்தே எங்கள் பந்தலுக்குள் கமராவோடு நின்றார். பாடை படலை தாண்டியது. பெண்கள் எல்லோரும் தலை முழுகப் போனார்கள். நான் மட்டும் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனடாவிலிருந்து அண்ணை அழைத்தார். "பிள்ளை, எனக்கு உந்த லைவ் நிண்டு நிண்டு வருது. உனக்கு வடிவாத் தெரியுதே?" என்று கேட்டார். நான் என் தொலைபேசியில் திறந்தேன்.

தெரிந்தது. வடிவாகவே தெரிந்தது. வீதி என்று ஒன்றில்லை. சேறு. பாடை தூக்கியவர்கள் முழங்கால் மட்டும் இறங்கி நின்றார்கள். முன்னால் இடப்பக்கம் பிடித்தவர் எங்கள் ஒழுங்கையில் முன்வீட்டுக்காரர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். அவர் ஒரு காலை இழுத்து எடுக்கப் பார்த்தார். மற்றக் கால் சறுக்கியது. பாடை சரிந்தது. பெட்டி சரிந்தது. பத்துப் பதினைந்து கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்திராவிட்டால் என் அப்பா அந்தச் சேற்றுக்குள் விழுந்திருப்பார். மாலை விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஈரத் தலையோடு அம்மா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

அப்பா வெள்ளை வேட்டியில் ஒரு புள்ளி ஊத்தை பிரள விடாத மனிதர். மழைக்காலத்தில் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு கல்லுக் கல்லாகப் பார்த்து மிதித்துப் போவார். அவரை இப்படியா அனுப்பி வைத்தோம் என்று எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. காடாத்து முடிந்து சாம்பல் கடலில் கரைத்துவிட்டு ஆட்கள் வந்த அன்று, தேத்தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தபோதுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன் கேள். என்னை உதாலை கொண்டு போகாதையுங்கோ."

"சுடலைக்கு வேறை எதாலை அம்மா போறது?"

"அப்ப அதைச் சரியாக்கிப்போட்டுக் கொண்டு போங்கோ. அதுமட்டும் நான் சாக மாட்டன்."

எழுபத்தெட்டு வயது. சீனி, பிறசர், முழங்கால் வருத்தம் எல்லாம் உண்டு. சாக மாட்டேன் என்று தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "சரி, நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அவரும் நானும்தான். அவருக்குச் சொன்னால் செய்துதான் ஆக வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அப்பாவின் படத்தோடு பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுத்திருந்தோம். காலையில் பேப்பரை வாங்கி அம்மாவுக்கு முன்னால் விரித்தேன். ஒரு பக்கத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பக்கத்தில் பிரதேச சபையின் அப்போதைய தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பளபளவென்று ஒரு கொங்கிறீற் வீதி. 'நீண்டகாலக் குறை தீர்ந்தது' என்று தலைப்பு. எங்கள் ஊர்ச் சுடலை வீதி முழுமையாகப் புனரமைக்கப்பட்டு மக்கள் பாவனைக்குக் கையளிக்கப்பட்டதாம்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உதெந்த ரோட்டு?" என்றார். "ரெண்டு கரையும் தென்னை நிக்குது. எங்கடை வெளியிலை தென்னை எங்கை நிக்குது? வடலியும் முள்ளுப் பத்தையுமெல்லே?"

சுடலையைக் கண்ணால் காணாத மனுஷி பிடித்துவிட்டார். பேப்பர்க்காரருக்குப் பிடிபடவில்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வார்கள். பொய் இல்லை. அன்றே உட்கார்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். நான் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், கடிதத்தில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு கிழமையாகியும் பேப்பரில் வரவில்லை. பேப்பர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "உதைச் செய்தியாப் போட ஏலாது ரீச்சர். வேணுமெண்டால் விளம்பரமாத் தாங்கோ" என்றார். பொய் சொன்னால் செய்தி, உண்மை சொன்னால் விளம்பரம். அந்த மேசையில் தாளுக்குப் பாரம் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. "உங்கடை பேப்பர் இனி எங்கடை வீட்டு வாசலுக்கு வராது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் வைராக்கியமாக இருந்தேன். நாலாம் நாள் பின்னேரம் தெரியவந்தது, பருத்தித்துறையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தமக்கை செத்து, எரித்தும் முடிந்துவிட்டது. மரண அறிவித்தல் அந்தப் பேப்பரில்தான் வந்திருந்தது. எங்கள் ஆட்கள் பேப்பரைப் பின்னாலிருந்துதான் பிரிப்பார்கள். யார் போனார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நாடு எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். அம்மா என்னை ஏசிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. "உன்ரை ரோசத்துக்கு நான் என்ரை அக்காவின்ரை முகத்தைப் பாக்காமல் விட்டிட்டன்!" மறுநாள் காலை வெட்கம் கெட்டுப்போய்க் கடைக்குப் போய் அதே பேப்பரை வாங்கினேன்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். ஒரு வருடம் இழுபட்டு ஒருவழியாக வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. பொதுப்பணத்தில் மோசடி என்று. அப்பாடா என்று இருந்தது. எவ்வளவு பேதைமை! வழக்கு தொடங்கியபிறகுதான் தவணை என்று நாளைத் தள்ளித் தள்ளிப் போடுவது என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரு தவணைக்கு நீதவான் இடமாற்றலாகிப் போயிருந்தார். அடுத்ததற்கு எதிர்த்தரப்புக்கு வாதாடும் அப்புக்காத்துக்குக் காய்ச்சல். பிறகு தலைவருக்கே நெஞ்சு நோ என்று வைத்தியச் சான்றிதழ் வந்தது. அதே கிழமை அவர் கோயில் திருவிழாவில் வடம் பிடித்து இழுத்த படம் பேப்பரில் வந்தது. இன்னொரு முறை, வீதிப் பத்திரங்கள் இருந்த சபையின் அசல் கோவையைக் காணவில்லை என்றார்கள். கோட்டுக்குப் போய் வர நான் எடுத்த லீவில் எங்கள் பள்ளிக்கூட அதிபருக்கு என் முகத்தைக் கண்டாலே தலையிடி.

பேப்பரில் ஒருநாள் 'அபிவிருத்திக்குத் தடை போடும் சிலர்' என்று வந்தது. பெயர் இல்லை. 'ஓர் ஆசிரியை' என்று மட்டும் இருந்தது. ஊரில் அதற்குமேல் அடையாளம் தேவையில்லை. பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் கேட்பார், "ரீச்சர், இண்டைக்கும் தவணையே?" கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்லுவார், "உவங்களுக்கு ஒண்டும் நடவாது. நீங்கள் ஏன் வீணா அலையிறியள்?" அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் அந்தச் சேற்றில் கால் புதைந்திருக்கிறது. ஏமாந்து ஏமாந்து மரத்துப்போன ஆட்கள். எனக்கு அவர்கள்மேலும் கோபம் வந்தது. பிறகு என்மேலேயே வந்தது, ஏனென்றால் உள்ளுக்குள் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழக்குக்கு இடையில் ஒரு பெருவெள்ளம் வந்தது. வயல், தோட்டம் எல்லாம் போனது. அடுத்த தவணையில் எதிர்த்தரப்பு சொன்னது: வீதி போட்டது உண்மை, வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது! கொங்கிறீற் வீதியை, ஒரு கல்லுக்கூட மிஞ்சாமல், அள்ளிக்கொண்டு போன வெள்ளம் எங்கள் ஊரில்தான் வந்திருக்கிறது. நான் குந்தியிருந்த வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். எங்கள் அப்புக்காத்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினார்.

வெளியே வந்து சொன்னார், "ரீச்சர், கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. வெள்ளத்துக்கு முந்தி, அவை போட்டு முடிச்சம் எண்டு சொல்லுற நாளிலை, அங்கை ரோட்டு இல்லை எண்டு காட்ட வேணும். ஏலுமே?"

"ஊர் முழுக்கத் தெரியும் ஐயா."

"ஊர் கோட்டுக்கு வருமே?"

வராது. சபைக் காலம் முடிந்து தலைவரின் பதவி போயிருந்தது, செல்வாக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே கேட்பார், "என்னவாம்?" "தவணையாம்." "சரி. நானும் இருக்கிறன்." அந்த மாதங்களில் அவர் நடை குறைந்துவிட்டது. கட்டிலில் இருந்து எழும்ப என் தோள் வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம் பிடித்தது. அவருக்கு முன்னால் வழக்கு முடியுமா என்று பார்த்தால், வழக்குக்கு அவரைவிட ஆயுசு கெட்டியாக இருந்தது.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். சபையில் இல்லாத கோவையின் பிரதி காசு அனுப்பிய மேல் அலுவலகத்தில் இருக்க வேண்டுமே! விண்ணப்பித்தேன். மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தேன். ஏழெட்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையும் மாற்றாமல், சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன்.

பதினோராவது தாள். 'மேற்படி வேலை முற்றாக நிறைவேற்றப்பட்டதைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே கையெழுத்து. அதற்குக் கீழே திகதி. மரண அறிவித்தலுக்கும் நினைவு மலருக்கும் எத்தனை தரம் எழுதியிருப்பேன், அந்தத் திகதியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவை எரித்த நாள்.

பிறகுதான் கையெழுத்தைப் பார்த்தேன். சங்கச் செயலாளர். ஒழுங்கை முன்வீட்டு அண்ணை. பாடையின் முன்னால் இடப்பக்கம்.

அன்றைக்கா? எங்கள் வீட்டில், விடியத் தொடக்கம் பந்தலுக்குள் நின்று கதிரை அடுக்கி, தேத்தண்ணீர் கொடுத்து, பாடை தூக்கிப் போய், இருட்டின பிறகு சேறு காய்ந்த காலோடு வந்து படியில் குந்திய மனிதர், அன்றைக்கா கையெழுத்து வைத்தார்? எப்போது வைத்தார்? எங்கே வைத்தார்?

அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் அப்பாவின் செத்த வீட்டு வீடியோ கிடந்தது. எல்லோர் வீட்டிலும் கிடக்கிறது, ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை. அதை எடுத்துத் தொலைக்காட்சியில் பொருத்தினேன். சத்தம் கேட்டு அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். வேண்டாம் என்றேன். "என்ரை மனுசனை நான் பாக்கக் கூடாதோ?" என்றார்.

பார்த்தோம். பந்தல், மழை, வருகிறவர்கள், போகிறவர்கள். தலைவர் வந்தார். எந்தச் செத்த வீட்டுக்கும் வராமல் விடமாட்டார். மாலை போட்டார், கும்பிட்டார், வெளியே வந்து முன்வீட்டு அண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கமரா வேறு பக்கம் திரும்பியது. மறுபடி இந்தப் பக்கம் வந்தபோது அம்மா என் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. உது எங்கடை முன்வீட்டுத் தம்பியெல்லே? வெத்திலைத் தட்டத்தை மடியிலை வைச்சு என்ன எழுதுறார்?"

தட்டத்தின் மேல் தாள். தலைவரின் விரல் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, அதே வீடியோவில், அதே மனிதர் சேற்றுக்குள் நின்றார்.

நான் செருப்புக்கூடப் போடாமல் முன்வீட்டுக்குப் போனேன். அவர் தன் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளை முகத்துக்கு முன்னால் பிடித்தேன். பார்த்தவர் வாளியைக் கீழே வைத்தார். பொய் சொல்லவில்லை.

"வருசம் முடியுது, கையெழுத்து இல்லாட்டில் காசு கொழும்புக்குத் திரும்பிப் போயிடும், மழை விட்ட உடனை வேலை துவங்கும் எண்டார் தங்கச்சி. எல்லா வேலைக்கும் உப்பிடித்தானே செய்யிறது. பேந்து, செத்த வீட்டிலை பக்கத்திலை வந்திருந்து பேப்பரை நீட்டினால் என்னெண்டு வாக்குவாதப்படுறது? உள்ளுக்கை அப்பா கிடக்கிறார்."

"நாலு வரியமா நான் கோட்டுக்கு அலையிறன். நீங்கள் தினம் தினம் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"சொன்னால் நானும் உள்ளுக்கை. எனக்குப் பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு."

"என்ரை அப்பாவைச் சேத்துக்கை சரிச்சது மழையில்லை அண்ணை. நீங்கள்!" என்று கத்தினேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. அதன்பிறகு ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. படலையில் கண்டால் முகத்தைத் திருப்பினேன். அவர் மனைவி கொடுத்தனுப்பிய முருங்கைக்காயைத் திருப்பி அனுப்பினேன்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, என்னைக் கேட்காமலே, படலையில் நின்று அவரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான் செத்தால் முன்னாலை பிடிக்கிறது ஆர்?"

"ஏன் சின்னம்மா உப்பிடிக் கதைக்கிறியள்?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"நான்தான்."

"அப்ப அது என்ரை ரோட்டு இல்லை மோனை. நான் மேலை படுத்திருப்பன். அது உன்ரை காலுக்குத்தான்."

அவர் அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், எங்கள் முற்றத்தில் நின்று, சாறத்தின் நுனியால் முகத்தைத் துடைத்து அழுதார். என் கோபம் அந்த இடத்தில் தண்ணீராய்ப் போய்விட்டது. உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டேன். குடித்துவிட்டுச் சொன்னார், "நான் வாறன் கோட்டுக்கு. வாறது வரட்டும்."

வந்தார். வீடியோத் தம்பியும் வந்தார், தன் கணினியில் இருந்த மூலப் பதிவோடு. எதிர்த்தரப்பு அப்புக்காத்து அண்ணையைப் போட்டு உலுப்பினார். "அப்போது எழுதியது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? இரண்டில் ஒன்று சொல்லும்."

"அண்டைக்கு எழுதினதுதான் ஐயா பொய். அது பொய்யெண்டு அண்டைக்குப் பின்னேரமே என்ரை காலுக்குத் தெரிஞ்சிட்டுது."

மன்றில் சிரிப்பு எழுந்தது. நீதவான் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து எழுதினார். அன்றைக்கு எத்தனை மணி நேரம் அந்த வாங்கில் இருந்தேனோ, முதுகு நோகவே இல்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாகத் தவணை என்ற சொல்லைக் கேட்காமல் வெளியே வந்தோம். அடுத்த நாள் ஒன்று எழுதித்தான் தந்தார்கள், ஆனால் தள்ளிப்போட அல்ல, மேல் விசாரணைக்கு. வாசலில் அண்ணை என்னைப் பார்த்தார். "வாங்கோ, பஸ் போயிடும்" என்றேன். வேறென்ன சொல்வது? பக்கத்துப் பக்கத்தில் இருந்து வந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பஸ்ஸில் 'உவங்களுக்கு ஒண்டும் நடவாது' என்றவர்களே ஒவ்வொருவராக வந்தார்கள். "எங்கடை ஐயாவின்ரை வீடியோவிலையும் அந்த ரோட்டு இருக்கு ரீச்சர், தேவையெண்டால் எடுங்கோ" என்றார் ஒருவர். இன்னொருவர் தன் தமையனுடையதைக் கொண்டுவந்தார். செத்த வீட்டு வீடியோக்களாக எங்கள் சாப்பாட்டு மேசை நிறைந்தது. ஊர்ச் செத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டார்கள் என்று அம்மா பகிடி விட்டார். அப்புக்காத்து அவற்றில் மூன்றை மன்றில் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் அதே சேறு.

பேப்பரும் திருத்தம் போட்டது. நாலே நாலு வரி, முன்னர் வெளியான படம் வேறொரு வீதியினது என்று. முன்பக்கத்தில் இல்லை, மரண அறிவித்தல் பக்கத்தின் மூலையில். ஒளித்துப் போட்டதாக நினைத்தார்களோ என்னவோ, ஊர் முழுக்க முதலில் வாசிக்கிற பக்கம் அதுதான். அன்றைக்கு எட்டு மணிக்கு முன்னமே எனக்குப் பதினாறு அழைப்புகள்.

தேர்தல் வந்தது, சபை மாறியது. புதிதாக வந்தவர்களும் செத்த வீடுகளுக்குத் தவறாமல் வருகிறார்கள், அதனால் நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஆனால் போன ஆவணியில் கல்லும் மணலும் உண்மையாகவே வந்து இறங்கின. சங்கத்தில் அண்ணை சொல்லிவிட்டார், வேலை முடிந்து, ஊர் நடந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து, காசு திரும்பிப் போனால் போகட்டும் என்று. போகவில்லை. தலைவருக்கு எதிரான வழக்கு இன்னும் நடக்கிறது, அடுத்த மாதமும் தவணை இருக்கிறது. நான் போவேன்.

வீதி காய்ந்து இரண்டு கிழமை ஆனதும், ஒரு ஞாயிறு காலை, அம்மா குளித்து, பெட்டிக்குள் இருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்து நின்றார். "தம்பியை ஓட்டோவைக் கொண்டுவரச் சொல்லு. நான் பாக்க வேணும்."

அண்ணை திகைத்துப்போனார். "அங்கை பொம்பிளையள் வாறேல்லைச் சின்னம்மா."

"செத்தாப்பிறகு கொண்டு போவியளோ இல்லையோ? அப்ப உயிரோடை வந்தால் என்ன குறை?"

அண்ணை ஓட்டோவைக் கொண்டுவந்து படலையில் நிறுத்தினார். கடைசி வீட்டு வேலியைத் தாண்டியபோது எட்டிப் பார்த்தேன். வெளி. இரண்டு கரையிலும் வடலி. நடுவில் நேராகச் சாம்பல் நிறத்தில் வீதி. பாதித் தூரத்தில் அம்மா ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னார். "எவடம்?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று அண்ணைக்கு விளங்கியது. இறங்கி, பத்து எட்டு எடுத்து வைத்து, கையால் காட்டினார்.

அம்மா என் தோளைப் பிடித்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். பொல்லை ஊன்றி அந்த இடத்தில் போய் வெறுங்காலோடு நின்றார். ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார், மற்றதையும் வைத்துப் பார்த்தார். பிறகு, அப்பாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே, சுடலைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ. இனி நான் சறுக்காமல் வருவன்."

நான் வாய்விட்டு அழுதேன். அப்பாவின் செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. அண்ணை ஓட்டோவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அம்மா அழவில்லை. பொல்லால் தட்டித் தட்டிக் கொஞ்சத் தூரம் முன்னே போனார். மதகடியில் நின்றார். குனிந்து பார்த்தார். அங்கே வீதியின் கரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கொங்கிறீற் வெடித்து, மணல் உதிர்ந்து கிடந்தது. பொல்லின் நுனியால் அதைக் கிண்டினார். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

"பிள்ளை, அழுதது காணும். இஞ்சை வா," என்றார். "உதை ஒருக்கா வீடியோ எடு."